குதிகாலில் நடந்த நாட்கள்

கால் பெருவிரல் எலும்பை வெட்டி நேராக்கிவிட்டு என்னைப் போல் ஒருத்தியைக் கட்டிலில் போட்டுவைத்தால் வீடு உருப்படுமா? கருங்கல் ஊரில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்றே பழகிய உடம்பு இது. விரலடி மூட்டு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் ஏறி, நிற்கவே முடியாமல் போன பிறகுதான் ஆப்பரேசனுக்குச் சம்மதித்தேன். எலும்பில் ஸ்குரூ போட்டிருந்தார்கள். முன்பாதம் தரையில் அழுந்தினால் எலும்பு விலகிவிடும், மறுபடி வெட்ட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குதிகாலில் மட்டும் நிற்கிற மாதிரி ஒரு தடிச் செருப்பு கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றக் கூடாது.

கிடந்த கிடையில் என் வீட்டுக்காரரைப் பாடாய்ப் படுத்தினேன். மீன்குழம்பில் புளி போதாது என்பேன். குக்கர் எத்தனை விசில் என்று கத்துவேன். எழுந்து பார்க்கக் காலைக் கீழே வைப்பேன். "ஏட்டி, காலத் தூக்கி வை" என்பதைத் தவிர அந்த மனுஷன் வேறு பேச்சையே மறந்துபோனார்.

அப்போதுதான் தேங்காய்ப்பட்டணத்தில் சித்தி இறந்துபோனாள். அம்மா போன பிறகு எனக்கு அம்மாவாக இருந்தவள். ஆட்டோவில் போய் இறங்கினால் பந்தலுக்கடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மரித்த வீட்டுக்குள் யார் செருப்போடு போவார்? கை தன்னால் செருப்பின் பட்டைக்குப் போனது. வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். ஊரே உட்கார்ந்திருக்கிறது, எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போகவும் முடியவில்லை, ஒரு இடத்தில் நிற்கவும் முடியவில்லை. படிக்கும் பந்தல்காலுக்குமாக நொண்டிக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். விரல் போனால் போகட்டும் என்று குனிந்து பட்டையை அவிழ்த்தே விட்டேன்.

சித்தி மகள் வாசலுக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் காலடியில் உட்கார்ந்து பட்டையை அவளே திரும்ப மாட்டினாள்.

"எக்கா, நேத்தும் அம்மை கேட்டா, உனக்க காலு நேராயிட்டான்னு. செருப்போட வா."

டைல்ஸ் தரையில் டக் டக்கென்று நடந்து போனேன். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். சித்தியின் கால்களுக்கு வெள்ளைச் சாக்ஸ் போட்டிருந்தார்கள். எனக்கு இருந்த அதே புடைப்பு அதற்குள்ளும் துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலோடுதான் ஆயுசு முழுக்க நின்று மீன் விற்றாள். அதன்மேல் கையை வைத்தேன்.

"நேராயிட்டு சித்தி" என்றேன். என் காலில் கட்டுகூட இன்னும் அவிழ்க்கவில்லை.