சைலன்சர் பைப்பும் நீலச் சாக்பீஸும்

வளைந்த பைப்பை நிமிர்த்துவது பெரிய காரியமில்லை. எங்கே வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் ஆயுசு போய்விடும். எண்பதுகளின் தொடக்கத்தில், செகந்திராபாதை அடுத்த குகட்பள்ளிப் பக்கம் பஸ், லாரிகளுக்கு சைலன்சர் பைப் செய்யும் ஒரு பட்டறையில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் பார்ப்பார்கள். தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டிலோ மனைவி ஸ்டெல்லா முழுகாமல் இருந்தாள். புது வேலையில் உதறலோடு நின்றவர் நீங்களும் என்றால், என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

தாலாட்டு

பைப்பை இரும்பு மேஜையில் உருட்ட வேண்டும். அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே கோணல். அந்த இடத்தைக் கை பிரஸ்ஸில் வைத்து ஓர் அழுத்து. முதல் நாள் அழுத்தினேன். கோணல் அந்தப் பக்கம் போனது. திருப்பி அழுத்தினேன், இந்தப் பக்கம் வந்தது. ஃபோர்மேன் கரீம் பாய்க்கு என் வயசுதான். செகந்திராபாதில் எங்கள் தமிழ் ஆட்களோடு வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "நக்கோ அந்தோணி, வேணாம்! பைப்பை நிமித்தச் சொன்னா தாலாட்டுறியே!"

ஒற்றைக் கண்

இரண்டே மாதத்தில் பழக்கம் முற்றிவிட்டது. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி, நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஞாயிறு பூசையில் பீடத்து மெழுகுவர்த்தி கொஞ்சம் சாய்ந்திருந்தது. விடுவேனா? இடது கண்ணை மூடினேன். அந்த நேரம் பார்த்து முன்வரிசை டீச்சரம்மா திரும்பினார். ஸ்டெல்லா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்: "கோயில்ல கண்ணடிச்சு அடி வாங்கினா, நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், சொல்லிட்டேன்!"

கை கழுவியது

ஆறாவது மாதம், கடைசி வாரம். காலையில் என் மேஜையருகே ஓர் அடுக்கு பைப். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வளைவு. 'சே, என்ன சரக்கு இது' என்று திட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, மத்தியானத்துக்குள் அத்தனையையும் நூல் பிடித்த மாதிரி நிமிர்த்திவிட்டேன். பெருமை வேறு!

கரீம் பாய் வந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பஸ் அச்சைச் சுற்றிப் போவதற்காக முந்தின சாயங்காலம் அவரே நின்று வளைத்த பைப்புகள் அவை. எடுத்துப்போக வண்டி வாசலில் நிற்கிறது. வளைத்து முடித்த பைப்பில் நீலச் சாக்பீஸால் வளையம் போடுவது எங்கள் வழக்கம். நீலத்தைக் கண்டால் யாரும் கை வைக்கக் கூடாது. மானேஜர் ஓடி வந்து, "வளையம் எங்கேய்யா?" என்று கத்தினார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"நான்தான் சார் போட மறந்துட்டேன்," என்றார் கரீம் பாய். மானேஜர் அவரைக் காய்ச்சி எடுத்து, மெமோ எழுத ஆபீஸ் அறைக்குப் போனார்.

கரீம் பாய் என் உள்ளங்கைகளைக் காட்டினார். எண்ணெயோடு குழைந்து விரலிடுக்கு வரை நீலம். வளையத்தைத் துடைத்தெடுத்தது நான்தான் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது; அவர் முதலிலேயே பார்த்துவிட்டிருக்கிறார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவர் திரும்பி வர்றதுக்குள்ள போய் கையைக் கழுவு, மியா."

மறு வாரம் நிரந்தரமானேன், மகளும் பிறந்தாள். ஊர்ப்பட்ட பைப்பையெல்லாம் நிமிர்த்தியவன் பிழைப்பை நிமிர்த்தியது, கரீம் பாய், நீங்கள் சொன்ன அந்த ஒரே ஒரு பொய்தான், நல்லா இருங்க!