இடது தோளும் தண்ணிக்குடமும்

ஆபரேஷன் அன்று வெளியே இருந்தவர்கள்: எங்கம்மா. என் சம்சாரம். என் தங்கச்சி புருஷன். அவ்வளவுதான்.

மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போது இடது தோள் கழன்றது. அப்புறம் சட்டை போட்டாலே கழன்றது. எண்ணெய்க்கட்டு போட்டும் நிற்கவில்லை. தர்மபுரியில் டாக்டர் ஸ்கேன் பார்த்தார். மூட்டைப் பிடித்திருக்கிற நார் எலும்பு விளிம்பிலிருந்து பிய்ந்திருக்கிறது என்றார். தோளில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா விட்டு, எலும்பில் மூன்று ஆணி இறக்கினார். ஆணியிலிருந்த நூலால் நாரை இழுத்துக் கட்டினார்.

"ஆறு வாரம் இந்தக் கையத் தாங்குற பெல்ட்டக் கழட்டாதீங்க. கை மேல போயி பின்னால திரும்பவே கூடாது. திரும்புனா பிச்சுக்கும்."

அம்மாதான் காவல். குளிப்பாட்டிவிட்டது, சட்டை மாட்டிவிட்டது எல்லாம் அதுதான். கொசு அடிக்க அசைந்தால்கூட, "டேய், ஆணி!" என்று கத்தும்.

சம்சாரம் சிரிப்பாள். "அத்தே, உங்க மவன் என்ன செவுரா?"

"செவுருன்னா சும்மா நிக்குமே."

நாலாவது வாரம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன இடத்தில் அம்மா விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

நான் ஒரே மகன். கொள்ளி வைக்கிறவன்தான் இடது தோளில் தண்ணிக்குடம் வைத்துச் சுற்ற வேண்டும். கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட வேண்டும்.

சுடுகாட்டில் தங்கச்சி புருஷன் காதோரம் வந்தார். "மச்சான், நான் தூக்கிக்கறேன். நீங்க கூட மட்டும் வாங்க. இல்ல, வலது தோள்லயாவது வெச்சுக்கங்க."

"அது மொறையில்ல" என்றார் ஒரு பங்காளி. "பெத்தவளுக்கு ஒரு கொடம் தூக்க மாட்டானா? பொண்டாட்டி பொடவ மூட்டன்னா தூக்குவான்."

அவர் சொன்னதுக்காக இல்லை. அது எங்கம்மா. பெல்ட்டை நானே கழட்டினேன்.

சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள். தண்ணி முதுகில் வழிந்தது. மூன்றாவது சுற்று முடிந்து குடத்தைப் பின்னால் விட்டேன். அது தரையில் உடைவதற்கு முன்னாலேயே தோளுக்குள் டப்பென்றது. கத்துவதற்கு ஆள் இல்லை.

வலது கையால் கொள்ளி வைத்தேன்.

காரியம் முடிந்து டாக்டரிடம் போனேன். புதுசாக ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். திரும்பச் செய்வதானால் எலும்புத் துண்டு எடுத்து வைத்து ஸ்குரூ போட வேண்டும், அப்பவும் கிழங்கு பிடுங்குகிற கையாக வராது என்றார்.

"அந்த மூணு ஆணியில எத்தினி நிக்குதுங்க?"

"ஒண்ணு."