தையல் மெஷினுக்கு ஒரு மனு

என் வீட்டுக்காரர் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறவர். நாங்கள் திவாலானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மருங்காபுரியில் அவருடைய அண்ணன் கிணறு வெட்டக் கடன் வாங்கியபோது, நீட்டிய புரோநோட்டில் எல்லாம் ஜாமீன் கையெழுத்து இவருடையது. கிணற்றில் பாறைதான் வந்தது. கடன்காரர்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்த எங்கள் தையல் கடைக்கு வந்தார்கள். ஐம்பதுகளின் கடைசி அது.

மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்கள். கடனைக் கட்ட முடியவில்லை, இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது. ஊரை ஏமாற்றுகிறவன் செய்கிற வேலை என்று அதற்குப் பெயர். வேறு வழியில்லாமல் இவரும் கொடுத்தார். அந்தப் பெயர் தனக்கு வரக்கூடாது என்று இவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திவாலானவர்களின் சொத்தை ஏற்று விற்றுக் கடனைத் தீர்க்கக் கோர்ட் வைத்திருக்கிற அதிகாரி ரிசீவர். சொத்தைப் பட்டியல் எடுக்க அவர் ஆபீஸ் குமாஸ்தா வந்தபோது, பாய், தலையணை, சோறு வடிக்கிற பானை, பெருமாள் படத்துக்கு முன்னால் ஏற்றும் விளக்கு வரை வாசலில் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதையெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போங்க. சமைக்கிற பாத்திரம், படுக்கை, சாமி சாமானெல்லாம் நாங்க தொடக்கூடாது. சட்டமே உங்களுக்கு விட்டிருக்கு."

கடையில் இருந்த கால் மெஷினைப் பற்றியும் அவரேதான் கேட்டார்.

"இதுலதானே பொழப்பு? விட்டுடவா?"

"எழுதிக்குங்க" என்றார் இவர். "எதையாவது ஒளிச்சேன்னு பேர் வேண்டாம்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஏலத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

மெஷின் கடையிலேயே கிடந்தது. அதற்குப் பூட்டும் இல்லை, சீலும் இல்லை. ஆனாலும் இவர் தொடவில்லை. வாடிக்கைக்காரர்களின் துணிகள் பாதி தைத்தபடி இருந்தன. அவை அவர்களுடைய சொத்து, முடித்துக் கொடுத்தாக வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஊசி நூலால் தைத்தார். ஒரு சட்டைக்கு இரண்டு நாள் ஆயிற்று. விரல் நுனியெல்லாம் வீங்கிப்போயிற்று. மெஷின் போய்விட்டால் நம் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டேன். ஊசியில் அடுத்த நூலைக் கோத்தார்.

நான் பஸ் ஏறிக் கன்டோன்மென்ட்டில் இருந்த ரிசீவர் ஆபீசுக்குப் போய் அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தேன்.

"கேட்டா கிடைக்கும்மா. ஆனா அவர் கேக்கணும். எழுதி, அவர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"கருணை காட்டுங்கன்னு எழுதணுங்களா?"

"கருணை இல்லம்மா. அவருக்கு உள்ளதை அவர் கேக்கறாரு, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "திவாலானவனுக்கு என்ன உரிமை?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குச் சாதம் கூடப் போடவில்லை.

மறுநாளே கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவரிடம் ஒன்று எழுதி வாங்கி முந்தானையில் முடிந்து வைத்தேன். அந்த வாரக் கடைசியில் கடன்காரர்கள் கணக்கு சம்பந்தமாகக் கையெழுத்துப் போட இவரை ரிசீவர் ஆபீசுக்கு அழைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. மனுவை அதன் நடுவில் சொருகினேன். பார்த்த குமாஸ்தா பார்க்காதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பேனா நின்றது. பேனாவை ஒரு தடவை உதறிவிட்டுப் போட்டார்.

மெஷின் ஏலத்துக்குப் போகவில்லை. ரிசீவர் நல்ல மனுஷர், பாவம் பார்த்து விட்டுவிட்டார் என்று இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எரிச்சலாக இருக்கும். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பொறுத்துக்கொண்டேன். அந்த மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

கடனிலிருந்து விடுவித்துக் கோர்ட் உத்தரவு வந்தபோது அறுபதுகள் பிறந்திருந்தன. அன்று மத்தியானம் கடையில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, ரிசீவர் ஒண்ணும் பாவம் பாக்கலை. அந்த மனுவை நான்தான் சொருகி வெச்சேன். நீங்க பாக்காம போட்டுட்டீங்க."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் காலை நிறுத்தினார்.

"பாத்தேன்" என்றார். "எனக்குக் கேக்க வாய் வரலை. நீ கேட்டிருந்தே. என் ஆயுசுல படிச்சுட்டுப் போட்ட கையெழுத்து அது ஒண்ணுதான்."