அண்ணை தோற்க வேண்டும்

ஸ்கொட்லாந்தில் அண்ணை நின்ற தொகுதி இப்போது இல்லை. எல்லைகளை மாற்றி வரைந்தபோது அதை இரண்டாகப் பிரித்துப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே பிறந்தவர்களுக்கே அதன் பழைய கதை மறந்திருக்கும். பாரிசில், லாச்சப்பலில் மரக்கறிக் கடையொன்றின் கல்லாவில் நிற்கிற எனக்கு மறக்காது. எந்தக் கட்சி எப்போது வென்றது, எது கட்டுப்பணத்தையும் இழந்தது என்பதெல்லாம் நான் பயத்தில் படித்த பாடம்.

அண்ணை தொலைபேசி எடுத்தபோது நான் முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, நான் இந்தமுறை எலெக்சன் கேக்கிறன். பாளிமெண்டுக்கு."

அந்தப் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே எலெக்சன் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அப்பா உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பேர் கொடுத்தார். வாக்களிப்புக்கு முதல் கிழமை இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். படலையில் நின்று, "ஐயா நிக்கிறாரோ?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அம்மா ஓம் என்றா. அப்பா சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாக்குப் போட்டதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து எனக்கு வந்த வாக்காளர் அட்டைகூட அலுமாரிக்குள்தான் கிடக்கிறது.

"உங்களுக்கு விசரே?" என்று கேட்டேன்.

"வெல்லுற சீட் இல்லையடி. கட்சிக்கு நிக்கிறதுக்கு ஒரு ஆள் தேவை, அவ்வளவுதான். நான் எப்பிடியும் தோப்பன்" என்று சொல்லிச் சிரித்தார். ஆறு, மரம், காற்றாலை என்று பேசுகிற ஒரு சின்னக் கட்சி அது. அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்பேன் என்று அவர் சொன்னால் நான் நம்பிவிடுவேனா?

லாச்சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் மகளை இருத்தி, அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாறு முழுவதையும் தேடி எடுக்கச் சொன்னேன். அவள் தொலைபேசியில் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னாள். முதலில் நிலச்சொந்தக்காரர்கள் வென்றார்கள். பிறகு சுரங்கத் தொழிலாளர்களின் கட்சி வந்து குந்தியது. தகப்பன் போய் மகன் வந்தும் வாக்கு மாறவில்லை, கழுதையை நிறுத்தியிருந்தாலும் வென்றிருக்கும். பிறகு ஒரே தேர்தலில் தனிநாடு கேட்கிற கட்சி அவ்வளவையும் வாரிக்கொண்டு போனது. தனிநாடு கேட்டவர்கள் வாக்குக் கேட்டு, வென்று, கோட்டுப் போட்டுக்கொண்டு லண்டனுக்கு ரயிலேறினார்கள் என்ற இடத்தை இரண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னேன்.

அண்ணையின் கட்சி நின்ற முறையெல்லாம் கடைசி. கட்டுப்பணமும் போயிருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு.

அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய தேர்தலொன்றில் ஒரு பிடி வாக்குகள்தான் வித்தியாசம், திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார்கள் என்றாள். கடைசி இரண்டு முறையும் முதலாவதாக வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றாள். வென்றவனை மன்னித்தாலும் வெற்றியைக் கெடுத்தவனை மன்னிக்க மாட்டார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு கறுத்த ஆள் வாக்கைப் பிரித்து, அதனால் அந்த ஊர்க்காரன் ஒருவன் தோற்றுப்போனால்?

"அது ஸ்கொட்லாந்து, யாழ்ப்பாணம் இல்லை" என்று மகள் பிரெஞ்சில் சொன்னாள்.

அது என் காதில் ஏறவில்லை. அண்ணை தோற்றால் மட்டும் போதாது என்று எனக்கு விளங்கியது. ஒருவர் கண்ணிலும் படாமல், வழக்கத்தை விடக் கேவலமாகத் தோற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அண்ணையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனைக்குக் கொடுத்தேன். என்ன விசயம் என்று ஐயர் கேட்டார். எலெக்சன் என்றேன். ஐயருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வெற்றி, ஜயம் என்று குரலை உயர்த்தி ஓதத் தொடங்கினார். இடைமறித்து, தோற்கத்தான் கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஐயர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே பிள்ளையாரே, தேருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சினேன்.

பின்னால் நின்றவர்கள் சும்மா விடுவார்களா? கதை லாச்சப்பல் முழுக்கப் பரவியது. "எங்கட ஆள் ஒருத்தர் பாளிமெண்டுக்குப் போறாராம்" என்று கீரை வாங்க வந்தவர்களெல்லாம் வாழ்த்தினார்கள். முதலாளி அண்ணையின் படத்தைப் பெரிதாக எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அந்த முகத்தைத் தெருவில் போகிற எவனும் பார்க்கலாம். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க அதை உரித்து எடுத்தேன். கண்டபடி ஏசினார். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடிவு வந்த காலை கடை திறக்கிற நேரம். மகள் அனுப்பிய வீடியோவில் வேட்பாளர்கள் மேடையில் வரிசையாக நின்றார்கள். அண்ணை ஓரத்தில், சட்டையில் ரிபன் குத்திக்கொண்டு. நான் அண்ணையைப் பார்க்கவில்லை, கீழே நின்ற சனத்தின் கைகளைப் பார்த்தேன். குளிர் ஊர், அரைவாசிப்பேரின் கை பொக்கற்றுக்குள் இருந்தது. வாக்குகளை வாசித்தார்கள். அண்ணை கடைசி. கட்டுப்பணமும் போயிற்று. வென்றவர் வந்து கை கொடுத்தார், தோற்ற மற்றவர்களும் கொடுத்தார்கள். எல்லோரும் படியிறங்கிப் போனார்கள்.

உடனே அண்ணைக்கு எடுத்தேன். அழுதேன்.

"ஏனடி அழுகிறாய்? தோப்பன் எண்டு முதலே சொன்னனான் தானே."

"அந்த ஒரு நம்பிக்கையிலதான் அண்ணை இவ்வளவு நாளும் இருந்தனான். தோக்கிற ஆளை ஒருத்தரும் ஒண்டும் செய்ய மாட்டினம் எண்டு."

"அப்பாவும் தோக்கத்தான் இருந்தவர்" என்றார் அண்ணை. "எங்கட ஒழுங்கை வீடுகளுக்குள்ளையே அவருக்கு வோட்டு இல்லை. அது அப்பாவுக்குத் தெரியும். வந்தவங்களுக்கும் தெரியும்."

கடைக்குள் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த முறையும் நிற்பீர்களா என்று அண்ணையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.