செம்பட்டி ரோட்டில் டெல்லி

டெல்லியில் இறங்கி நாலு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்த வெளிநாட்டுக்காரர்களிடம், டெல்லியைப் பார்த்தே இராத ஒருவன் டெல்லியைப் பற்றி எடுத்துச் சொல்வதுதான் என் தொழில். மேலதிகாரி சொன்னாரே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள் மேற்கொண்டு படியுங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது, சிரிப்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த கிராமப் பயிற்சி நிலையம், திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் ரோட்டில் இருந்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு சர்வதேச மாநாடு நடக்கும். கிணறு, கோழி, உரக்குழி பற்றிப் பேச எங்கெங்கிருந்தோ வருவார்கள். முதல் நாள் சாயங்காலம் டீ முடிந்ததும் 'எங்கள் நாடும் தலைநகரமும்' என்று ஒரு மணி நேரம், மேலிடம் அனுப்பிய ஸ்லைடுகளைக் காட்டிப் பேச வேண்டும். பி.ஏ.வில் இங்கிலீஷ் படித்த பாவத்துக்கு அது என் தலையில் விழுந்தது. பேகம்பூரில் அண்ணன் தன் தோல் மண்டியில் வந்து உட்காரச் சொன்னார். நான் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு டெல்லியைப் பார்க்க ஆசை. வடக்கே திருச்சியைத் தாண்டியதில்லை. சேர்ந்த அன்றைக்கே டைரக்டர் என் மனசைத் தெரிந்தவர் மாதிரி சொன்னார்: "பாக்காமப் பேசுனா நல்லாருக்காது பாய். அடுத்த வருஷம் உங்கள ஒரு தடவ டெல்லிக்கு அனுப்பிருவோம்."

காபி எங்கே கிடைக்கும்?

டென்மார்க்கிலிருந்து ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் வந்திருந்தார். எங்கள் நிலையத்துக் காபி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. திரும்பும்போது டெல்லியில் ஒரு நாள் தங்கல்; அங்கே இதே மாதிரி காபி எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். ஒரு மணி நேரம் அந்த ஊரைப் பற்றி அளந்துவிட்டுத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் நல்ல காபி கிளப் எங்கே இருக்குமோ அதையே சொன்னேன்: ஸ்டேஷனுக்கு எதிரே.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மரியாதையான மனிதர், திட்டவில்லை. "ஸ்டேஷனுக்கு எதிரே தேடினேன். பிறகு இன்னொரு ஸ்டேஷனுக்கு எதிரேயும் தேடினேன். உங்கள் தலைநகரத்தில் மொத்தம் எத்தனை ஸ்டேஷன் என்று நீங்கள் சொல்லவே இல்லை."

பூஞ்சை பிடித்த படம்

ஒரு ஜனவரி மாநாட்டுக்குப் புதுப் படப்பெட்டி வந்தது. அதில் ஒரு ஸ்லைடு முழுக்க வெள்ளை. நடுவில் ஏதோ ஒரு வளைவின் உச்சி மட்டும் லேசாகத் தெரிந்தது. மழையில் பெட்டி நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஸ்லைடை உருவிக் கைக்குட்டையால் துடைத்தேன், ஊதினேன், திரும்பப் போட்டேன். அதே வெள்ளை. மறுபடி உருவினேன். சிறுமலை உச்சியில் மேகம் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அது தரைக்கு இறங்கி வந்து ஒரு நகரத்தையே மூடும் என்று நான் கண்டேனா?

முன்வரிசையிலிருந்த கனடா நாட்டு அம்மாள் எழுந்து, குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னார்: "தயவுசெய்து துடைக்காதீர்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. அது மூடுபனி. போன திங்கட்கிழமை நான் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்."

துணைக்கு ஆள்

எங்கள் சமையல்கட்டுக்கு அகரத்திலிருந்து காய்கறி கொண்டுவருபவர் கருப்பையா. கூடையை இறக்கிவிட்டு ஹால் ஜன்னலோரம் நின்று நான் பேசுவதைக் கடைசிவரை கேட்பார். விருந்தாளிகள் என்னைக் கேலி செய்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இவர் என்னை நம்பினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் பேச்சு முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு எழுத்துப் புரியல பாய். ஆனா நீங்க கைய நீட்டிச் சொல்றதப் பாத்தா அம்புட்டு எடத்தையும் காலால சுத்துனவுக மாதிரி இருக்கு. அடுத்த தடவ போறப்பச் சொல்லுங்க, துணைக்கு நானும் வாரேன்."

ஸ்வெட்டர்

முதல் வருஷமே கொடைக்கானல் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வைத்தேன். திண்டுக்கல் வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். டைரக்டர் வருஷா வருஷம் "அடுத்த வருஷம்" என்றார். என் மனைவியும் வருஷா வருஷம் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறி வெயிலில் போடுவாள். அவள் என்னைக் குத்திக் காட்டியதே இல்லை, ஒரு தடவை மட்டும், பெட்டியை மூடுவதற்கு முன்னால் கேட்டாள்: "இந்த வருசமாச்சும் போடுவீகளா, இல்ல அந்துருண்டை வாங்கியாரச் சொல்லவா?"

ஒரே ஒரு இடம்

அறுபதுகளின் நடுவில் அந்த நாள் வந்தேவிட்டது. டெல்லியில் மாநாடு, எங்கள் நிலையத்துக்கு ஒரே ஒரு இடம். டைரக்டர் என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். வீட்டில் பெட்டி கட்டியாயிற்று. அண்ணன் மண்டியிலிருந்து வந்து, நான் கேட்காமலே ஒரு தோல் பை கொடுத்துவிட்டுப் போனார்.

கிளம்ப வேண்டிய வாரத்தில் ஒரு தந்தி வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குழு அதே வாரம் எங்கள் நிலையத்துக்கு வருகிறதாம். டெல்லிக்கு என் இடத்தில் எங்கள் கணக்கர் சுந்தரம் போவதென்று முடிவாகிவிட்டது. "இத்தன வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. டைரக்டர் கெட்டவர் இல்லை. எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்: "எனக்குப் புரியுது பாய். ஆனா நீங்க டெல்லிக்குப் போயிட்டா, இங்க டெல்லியப் பத்திப் பேச யாரு இருக்கா?"

போய் வந்தவர்

சுந்தரம் திரும்பி வந்த அன்று அவர் மேசைப் பக்கம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நேரில் பார்த்தவர் வாயால் கேட்டாவது தெரிந்துகொள்ளலாமே என்று போய் நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இறங்கிய அன்றே குளிர்காய்ச்சல். ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு ஒரு மூடிய வேன், விடுதியிலிருந்து ஸ்டேஷனுக்கு அதே வேன். நடுவில் ஓர் அறையும் ஒரு கஷாயமும்தான்.

"போர்வைக்குள்ளயே கெடந்தேன் பாய், ஒண்ணும் பாக்கல. மேலருந்து பயண அறிக்கை கேக்குறாங்க. டெல்லி எப்படி இருக்கும்னு உங்களுக்குத்தான தெரியும், ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

எழுதிக் கொடுத்தேன், வேறென்ன செய்வது. பார்க்காதவருக்காகப் பார்க்காதவன் எழுதிய அந்த இரண்டு பக்கம்தான் எங்கள் நிலையம் டெல்லியைப் பார்த்ததற்கு இன்றுவரை இருக்கும் ஒரே அத்தாட்சி.