பிரித்தெடுத்த கொட்டகை

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தையல்காரி. ஒன்றை நினைத்துவிட்டால் உடும்புப்பிடிதான். அவள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்து வைக்கோல் கொட்டகை ஒன்று, மாடும் வைக்கோலும் போனபிறகு கறையானுக்குக் குடியிருப்பாக நின்றது. அதை ஒட்டித்தான் படுக்கையறை. லாரி ஓட்டிய அவள் கணவர் முதுகெலும்பு முறிந்து அங்கே படுத்திருந்தார். மூன்று மாதம் அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழையில் கொட்டகை சரிந்தால் அவர்மேல்தான் விழும். மழைக்காலத்துக்குள் அதை இடித்தாக வேண்டும்.

முதலில் வந்த கான்ட்ராக்டர் போனைப் பார்த்தபடியே, "மிஷினை விட்டா அரை நாள் வேலைம்மா," என்றார்.

"முதல்ல எதை எடுப்பீங்க?"

"எதை எடுத்தா என்ன, எல்லாம் கீழதானே வரப்போகுது?"

அவரை வாசலோடு அனுப்பினாள். இரண்டாமவருக்கும் அதே கேள்வி, அதே மரியாதை.

"இடிக்க ஆள் தேடறியா, மாப்பிள்ளை தேடறியாக்கா?" என்றேன்.

"கிழிக்கத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்கடி. எனக்குப் பிரிக்கத் தெரிஞ்சவர் வேணும்."

மூன்றாமவர் கொட்டகையை இரண்டு முறை சுற்றி வந்தார். "கடைசியா வச்சதை முதல்ல எடுக்கணும். ஓட்டுல ஆரம்பிச்சு கையாலயே இறக்கணும், பத்து நாளாகும்," என்றார். வேலை அவருக்குத்தான்.

கணவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, "ஏதாவது ஆபத்துன்னா சுவத்துல மூணு தட்டு தட்டுங்க," என்றாள். கேட்டால் எல்லாரும் கையை நிறுத்திவிட வேண்டும். முதல் நாளே மூன்று தட்டு. விழுந்தடித்து ஓடினோம். மனிதர் டீ கேட்டார். அவள் முறைத்த முறைப்பில் நானே போய் டீ போட்டேன்.

ஓடு இறங்கியது, மரம் இறங்கியது. எட்டாம் நாள், அறைப் பக்கத்துச் சுவரில் கான்ட்ராக்டர் கடப்பாரையை வைத்தார். மூன்று தட்டு. உடனே மறுபடியும் மூன்று.

உள்ளே கணவருக்கு முகமெல்லாம் வியர்வை.

"அந்தச் சுவரைத் தொட வேண்டாம்னு சொல்லு. இந்த ரூமுக்கு நான் மூணு சுவருதான் கட்டினேன். உத்திரம் கொட்டகைச் சுவர் மேலதான் உக்காந்திருக்கு."

நாலு சுவரும் தன் கையால் எழுப்பியதாகப் பதினாறு வருடம் பீற்றிக்கொண்டவர் அவர்.

"இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கல?"

"அந்தச் சுவரை விட்டுருவாங்கன்னு நினைச்சேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"உசுரை விடவா வெக்கம் பெருசு?" அக்காவின் குரல் உடைந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அண்ணே, உத்திரத்துக்கு முட்டுக் கொடுங்க. உள்பக்கமா நாலாவது சுவரைக் கட்டிட்டு, அப்புறம் இதை எடுக்கலாம்."

"நான் இடிக்கிறவன்மா, கட்டறவன் இல்ல."

"கட்டறவரைக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு கல்லும் நகரக்கூடாது."

நகரவில்லை. புதுச் சுவர் எழுந்து காய்ந்தபிறகுதான் பழையது போனது.

முதல் மழையன்று, கொட்டகை இருந்த இடத்தில் குடையோடு நின்று அவள் அந்தப் புதுச் சுவரை மூன்று முறை தட்டினாள்.

"என்னாச்சு?" என்று உள்ளேயிருந்து பதறினார் கணவர்.

"ஒண்ணுமில்ல. டீ வேணுமா?" என்றாள்.