அக்கா சொன்ன 'இப்போ'

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. கார் சரியாகாவிட்டால் "சரியாகல, வேற ஆளைப் பாருங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். கூட நிற்கும் நான்தான் வந்தவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஒர்க்ஷாப்பை நாங்கள் இருவரும்தான் நடத்துகிறோம். எஞ்சின் அவள் பொறுப்பு. மின்சாரம், கம்ப்யூட்டர் எல்லாம் என் தலையில்.

ஓட்டிப் பார்க்கும்போது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவள் ஓட்டுவாள். நான் எஞ்சின் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். அவள் திரையைப் பார்க்கக் கூடாது. நான் ரோட்டைப் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. வண்டி திணறுகிறது என்று அவள் உடம்புக்குப் பட்டால் "இப்போ" என்பாள். அந்த நொடியில் எந்த சிலிண்டரின் மிஸ்ஸிங், அதாவது எரியாமல் தப்பும் எண்ணிக்கை, ஏறுகிறது என்று நான் குறித்துக்கொள்வேன். ரெண்டும் ஒத்துப்போனால்தான் கோளாறு நிஜம். என் நீள வாயை அடைக்கவே இந்த முறையைக் கண்டுபிடித்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அவள் "இப்போ" தப்பியதே இல்லை.

பல் டாக்டர் ஒருவரின் வெள்ளைக் கார் வந்தது. டர்போ வண்டி.

"மேடு ஏறும்போது மிதிச்சா ஒரு நொடி யோசிக்குதும்மா. அப்புறம் உதறிக்கிட்டு ஓடுது. மூணு எடத்துல பார்த்தாச்சு."

ஆற்றுப் பாலம் தாண்டி இருக்கும் மேட்டில் ஓட்டினோம். அக்கா "இப்போ" என்றாள். ரெண்டாம் சிலிண்டரில் எண் ஏறியது. அந்தச் சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டோம், மூன்றாவதில் இருந்ததை ரெண்டாவதில். காயில் கூடவே கோளாறும் போனால் குற்றவாளி காயில், இருந்த இடத்திலேயே நின்றால் வேறு எங்கோ தேட வேண்டும். கோளாறு மூன்றாவதுக்குப் போனது. காயிலில் மயிரிழை வெடிப்பு. சமதரையில் சமாளித்துவிடும். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும்போது பொறி தாண்ட முடியாமல் செத்துவிடும். புதுசு போட்டோம். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம்.

"இப்போ" என்றாள்.

நாலு சிலிண்டரிலும் பூஜ்யம். நான் குறித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி "இப்போ". மறுபடி பூஜ்யம்.

ஸ்கேனரில்தான் கோளாறு என்று வேறு ஸ்கேனர் வாங்கி வரச் சொன்னாள். காற்றுக் குழாய்களில் புகை ஏற்றிக் கசிவு பார்த்தாள். ஒன்றும் இல்லை. டாக்டரே வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கே, என்ன குறைங்கிறீங்க?" என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவள் வாசலிலேயே நின்று வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் வந்தது வாடகை வேன். பிரேக் வேலைக்கு வந்தது. அதிலும் "இப்போ". அடுத்து வந்த சிவப்புக் காரிலும். எண் மட்டும் அசையவே இல்லை. அக்கா சாப்பாட்டைக் குறைத்தாள். ஒரு மத்தியானம் கை கழுவிக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அந்த வெள்ளக் கார் போயிடுச்சு. அதுல இருந்தது போகலடா. இங்கயே தங்கிடுச்சு."

பேய் பிசாசு என்று எவராவது வாயெடுத்தால் விரட்டியடிக்கிறவள் அவள். அவள் வாயிலிருந்து இது வந்ததும் எனக்கு ஒர்க்ஷாப்பின் பின்பக்கம் தனியாகப் போகவே கால் கூசியது. அதைவிட, அவளுக்குப் புத்தி பிசகுகிறதோ என்று பயந்தேன்.

எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை ஓடும். சிவப்புக் காரை எடுத்து அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"இன்னிக்கு நான் ஓட்டுறேன். நீ கண்ணை மூடிக்க."

ஸ்கேனரை முன்னால் சாய்த்து வைத்து ஓட்டினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அவள் ரெண்டு தடவை "இப்போ" என்றாள். ரெண்டு தடவையும் பூஜ்யம். பொறுமை போய், மேட்டின் ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். திரையும் இருண்டது. நல்ல வெயில், ரோட்டில் ஈ காக்கை இல்லை. சண்டை போடத் தயாராக அவள் பக்கம் திரும்பினேன். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"இப்போ" என்றாள்.

நான் சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அக்கா, வண்டி ஆஃப்ல இருக்கு."

கண்ணைத் திறந்து சாவியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப எங்கேருந்துடா வருது?"

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒழுங்காக ஓடியது. பிறகு ஓடவில்லை. என் விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை. ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணிவிட்டேன். திடும் என்று ஒரு அடி, மறுபடி ஓட ஆரம்பித்தது.

"காயிலை மாத்தினோம், வண்டிய மாத்தினோம், சீட்டையும் மாத்தியாச்சு. அது உன் கூடவே வருதுக்கா."

அவளுடைய கணக்குப்படியே சொன்னேன். நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

இதயம் நடுநடுவே நின்று நின்று ஓடுகிறது, இன்னும் ரெண்டு நொடி கூடியிருந்தால் ஸ்டீயரிங்கிலேயே மயங்கியிருப்பார் என்றார் அங்கிருந்த இதய டாக்டர். தோள் எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில், இதயத்தை நிற்காமல் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் ஓட்டக் கூடாது. அக்காவின் வீட்டுக்காரர், தையல்காரரான மாமா, அவளுக்காக சீட் பெல்ட்டுக்குப் பஞ்சு வைத்து உறை தைத்தார். வாரம் ஒன்றாகத் தைத்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனுக்கு அழத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு சாம்பல் நிறக் காரை அவளே எடுத்தாள். இதுவும் டர்போதான், மேட்டில் இழுக்கவில்லை என்று வந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதே பெரும் பாடாக இருந்தது. அவளும் பேசாமல் ஓட்டினாள். பாலம் தாண்டியது, மேடு வந்தது. அவள் அழுத்தி மிதித்தாள். பாதி மேட்டில் சட்டென்று காலை எடுத்து, மெதுவாக ஓரம் கட்டினாள்.

"டேய், அது வண்டியா, நானா?"

வண்டிதான்கா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. திரையில் நாலு பூஜ்யம் வரிசையாக நின்றது.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, நான் ஓட்டுகிற சீட்டுக்கு மாறி இடம் கொடுப்பதற்காக என் கதவருகில் நின்றாள்.